ராம்ப்ரஸாத் பெயரில் ஒரு குழாய் ரத்தம்

ஸ்ரீமதே ராமானுஜாய நம:

சின்ன காஞ்சிபுரம்
5.6.2006

சிரஞ்சீவி நாராயணுக்கு மன்னி நாமகிரி எழுதுவது. ஆசீர்வாதம்.

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய பெட்டி வந்தது. ஐஸ் போடும் தெர்மோகோல் டப்பா, ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்கள், ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் விவரம். உன் அண்ணாவின் ரத்தத்தை இதில் பிடித்து அனுப்பவேண்டுமாம். ஒன்றரை வருஷமாக இந்த வீட்டுக்கு உன்னிடமிருந்து ஒரு வார்த்தை கிடையாது. முதல் வார்த்தையே ரத்தம் கொடு என்றா வரவேண்டும்?

நல்லவேளை, கூரியர்காரன் வந்தபோது உன் அண்ணா கோயிலில் இருந்தார். பெட்டியைப் பார்த்திருந்தால் தெருவில் வீசியிருப்பார். கடைசி நாளில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டெஸ்டுக்கு என்று சொல்லி நீ ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாய். உங்கள் ஆய்வுக்கூடத்துப் பத்திரிகையில் அதை வைத்து நம் வம்சத்தையே கட்டம் கட்டமாக ஒரு படமாகப் போட்டாய். யாரோ அதை இவரிடம் கொண்டுவந்து காட்டினார்கள். கறுப்புக் கட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, அதுதான் அப்பாவாம். “பெத்தவரைக் கட்டம் போட்டு வித்துட்டான்” என்று இவர் அன்றைக்குச் சொன்னது இன்னும் ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை என்று வைத்துக்கொள்.

இப்போது கேட்கிறேன், நேராகப் பதில் சொல். லக்ஷணாவுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று உனக்கு யார் சொன்னது? மதுராந்தகத்துப் பிள்ளை. நல்ல இடம். சரியாக இந்தச் சமயம் பார்த்து, எங்கள் குடும்பத்தில் ரத்தப் புற்றுநோய் வழிவழியாக வருகிறதா என்று தோண்டுகிறாயே, ஏன்? இது அவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்கிறாயா?

பதிலை வீட்டுக்கு எழுதாதே. நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது.

நாமகிரி

---

பெங்களூர்
12.6.2006

மன்னிக்கு நாராயண் நமஸ்காரம்.

நிச்சயதார்த்தம் பற்றி உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்பாவுக்கு வந்தது ரத்தப் புற்றுநோயில் மெல்ல வளரும் வகை. அது ஏன் வருகிறது என்பதில் நாலைந்து வருஷமாக ஒரு புது வழி திறந்திருக்கிறது. நம் உடம்பில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சிறிய துண்டுகள் உண்டு. அவை தாமாக எதையும் உண்டாக்குவதில்லை. மற்ற ஜீன்களைப் போதும் என்று அடக்கிவைப்பதுதான் அவற்றின் வேலை. கோயிலில் பாசுரம் பாடி முடிந்து சாற்றுமுறை ஆனதும் கோஷ்டி கலைகிறது அல்லவா? அப்படி, வேலை முடிந்த ரத்த அணுக்கள் கலைந்துபோக வேண்டும். இந்த நோய் உள்ள பலருக்கு அப்படிக் கலையச் சொல்லும் இரண்டு துண்டுகள் குறைந்துவிடுகின்றன. அணுக்கள் சாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன.

அப்பாவிடம் அந்தத் துண்டுகள் உருவாகும் இடத்துக்குப் பக்கத்தில், டி.என்.ஏ. எழுத்து வரிசையில், ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது பிறவியிலேயே இருந்தது என்று தோன்றுகிறது. என்னைச் சோதித்துக்கொண்டேன், எனக்கு இல்லை. அண்ணாவுக்கு இருக்கிறதா என்று தெரியவேண்டும். இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு நாம் பார்த்தபோது மிகவும் தாமதமாகிவிட்டது.

இதில் எனக்கு லாபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கட்டுரை வந்தால் என் பெயர்தான் இருக்கும். ஆனால் அண்ணா எனக்கு அண்ணாதான். அவர் பெயர் எங்கும் வராது. எங்கள் படத்தில் அவர் ஒரு வெறும் கட்டம். அதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நாராயண்

---

சின்ன காஞ்சிபுரம்
3.7.2006

சிரஞ்சீவி நாராயணுக்கு ஆசீர்வாதம்.

நீ கேட்டது இன்றைக்கு பஸ் பார்சலில் போட்டாகிவிட்டது. உன் அண்ணா ஒருவழியாகச் சம்மதித்தார். நான் எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ரத்தப் பரிசோதனை லாப் வைத்திருக்கும் முனிரத்தினம் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுத்தான். பாலும் தயிரும் இருக்கும் என் ஃப்ரிட்ஜில் ரத்தத்தை வைக்க மனசு வரவில்லை. அவன் கடையிலேயே வைத்திருந்து, ஐஸ் போட்டு அனுப்பச் சொன்னேன். குழாயில் பெயர் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்.

பதிலுக்கு எனக்கு ஓர் உபகாரம் செய். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால், ஆய்வுக்கூடத்துத் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பிள்ளையின் அம்மா போன வாரம் வந்தபோது பாயசத்தைக் குடித்துக்கொண்டே, “பெரியவருக்கு என்ன உடம்பாம்?” என்று கேட்டாள். வயசு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கும்வரை கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். லக்ஷணா சென்னையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். எனக்கு வெயிலோ என்னவோ, கொஞ்சம் அசதி. நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

நாமகிரி

---

பெங்களூர்
21.7.2006

மன்னிக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் வேளைக்குச் சாப்பிடவேண்டும் என்று நீங்கள் எப்போதும் எழுதியதில்லை. அண்ணா சம்மதித்ததாக எழுதியிருந்தீர்கள். நான் போனில் கூப்பிட்டேன். எடுத்தவர் அண்ணா. “மன்னி சொன்னா, ரொம்ப சந்தோஷம்” என்று ஆரம்பித்தேன். “எதுக்கு சந்தோஷம்?” என்றார். நான் விழித்தேன். அவர் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது நீங்கள் எடுத்தீர்கள். என் குரல் தெரிந்ததும் “ராங் நம்பர்” என்றீர்கள்.

மன்னி, எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்த ரத்தம் வந்தாலும், அது குழாயில் எழுதியிருக்கும் ஆளுடையதுதானா என்று முதலில் ஒரு சோதனை உண்டு. குழாயில் ராம்ப்ரஸாத் என்று அண்ணாவின் பெயர். உள்ளே நீங்கள் அனுப்பியது ஆணின் ரத்தம் இல்லை.

யாருடையது?

வேறு யாராவது, வீட்டு வேலைக்கு வருகிறவரோ பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்தது என்றால் கோபித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் அப்பாவிடம் இருந்த அதே எழுத்து மாற்றம் இதிலும் இருக்கிறது. அது தெருவில் போகிற யாரிடமோ இருக்க வாய்ப்பே இல்லை. நம் குடும்பத்து ரத்தம், பெண்ணின் ரத்தம். குடும்பப் படத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் பார்க்கிறேன். நம் வம்சத்தில் இன்றைக்கு உயிரோடு இருக்கும் பெண் ஒருத்திதான்.

லக்ஷணாவின் கையிலா ஊசி போட்டீர்கள்? அண்ணாவுக்குப் பதில் இருபத்து மூன்று வயசுப் பெண்ணின் ரத்தத்தையா அனுப்பினீர்கள்? உடனே உண்மையை எழுதுங்கள். நிச்சயதார்த்தம், மதுராந்தகம் எல்லாம் அப்புறம். இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. பதில் வந்ததும் சொல்கிறேன்.

நாராயண்

---

சின்ன காஞ்சிபுரம்
25.7.2006

நாராயணா,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது நான் இருந்த இருப்பைப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் சோடா வாங்கிவரச் சொன்னாள். என் பெண்ணைத் தொட்டு எழுதுகிறதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா?

அது லக்ஷணா ரத்தம் இல்லை. என் ரத்தம். போதுமா?

உன் அண்ணாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். தப்பித்தவறி ஒத்துக்கொண்டு, அதில் ஏதாவது இருந்து, உன் ஆய்வுக்கூடத்திலிருந்து அது கசிந்து மதுராந்தகம் வரை போய்விட்டால்? அப்பா படத்தை அச்சில் போட்டவன்தானே நீ. உன்னை நான் எப்படி நம்புவது? அதனால் என் கையை நீட்டினேன். நான் வேறு கோத்திரம். வாதூலத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி உங்கள் ஸ்ரீவத்ஸத்துக்கு வந்தவள். உங்கள் வீட்டு வியாதி என்னிடம் எப்படி இருக்கும்? சுத்தமான ரத்தம் ஒன்று போகட்டும், ஒன்றும் இல்லை என்று நீ ஒரு தாள் அனுப்பு, பெண்ணின் கல்யாணம் முடியட்டும். இதுதான் என் கணக்கு.

முனிரத்தினத்துக்குக்கூட ஆச்சரியம். “இன்னாமா, சாமி பேரு எழுதச் சொல்லிட்டு நீ கைய நீட்டிக்கினு இருக்கற?” என்றான். எழுதுப்பா என்றேன். “எனக்கு இன்னாமா வந்துது, எழுதச் சொன்னா எழுதறேன். நாளைக்கு எவனாச்சும் கேட்டா நான் உன்னத்தான் கை காட்டுவேன்” என்றான்.

ஆக, உன் மெஷின்தான் தப்பு. அப்பாவின் குழாயும் என் குழாயும் எங்கேயோ கலந்துவிட்டன. அதைத் தூக்கிப் போடு. லக்ஷணா பக்கமே வராதே.

ஒன்று கேட்கிறேன். “இன்னும் சில விஷயங்கள்” என்று எழுதி நிறுத்திவிட்டாயே, அது என்ன? இருபது வருஷமாகப் பரீட்சைத் தாள் திருத்துகிறேன். ஒருவன் விடையைத் தெரிந்துவைத்துக்கொண்டு எழுதாமல் விட்டால் எனக்குத் தெரிந்துவிடும். என்னத்தை ஒளிக்கிறாய்?

நாமகிரி

---

பெங்களூர்
8.8.2006

மன்னி,

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். போன வியாழக்கிழமை காஞ்சிபுரம் வந்தேன். உங்கள் பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்தேன். நீங்கள் மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

குழாய்கள் கலக்கவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்தேன், என் கையாலேயே. தப்பு மெஷினில் இல்லை. என்னிடம் இருக்கிறது. குடும்பப் படத்தை நான் எப்படிப் போட்டேன் தெரியுமா? தாத்தா, அப்பா, அண்ணா, நான், லக்ஷணா. வீட்டில் தர்ப்பணத்துக்குப் பெயர் சொல்லுகிற மாதிரியே போட்டிருக்கிறேன். அலமு அத்தை அதில் இல்லை. அவள் கல்யாணம் ஆகி வாதூலத்துக்குப் போய்விட்டாள் அல்லவா, அதோடு என் கணக்கிலிருந்தும் போய்விட்டாள். அப்பாவோடு கூடப் பிறந்தவள். உங்கள் அம்மா. பத்து வருஷம் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. உங்களை நான் மன்னி என்றே நினைத்தேன், அத்தை பெண் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கோத்திரம் மாறலாம். ரத்தம் மாறவில்லை மன்னி. உங்கள் அம்மா வழியாக அது வெளியே போய், உங்கள் வழியாக அதே வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அத்தைக்குக் கழுத்தில் கட்டி கட்டியாக வந்ததே, கண்டமாலை என்று சொல்லி டி.பி.க்கு மருந்து கொடுத்தார்களே, அது கண்டமாலைதானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஒளித்தது இதுதான். உங்கள் ரத்தத்தில் எழுத்து மாற்றம் மட்டும் இல்லை. நான் சொன்ன இரண்டு துண்டுகளும் இருக்கவேண்டியதில் கால்வாசிகூட இல்லை. வெள்ளை அணுக்கள் அதிகமாக இருக்கின்றன. ஆரம்பம் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு ரத்தநோய் நிபுணரின் விலாசம் வைத்திருக்கிறேன், தயவுசெய்து உடனே போங்கள். இந்த வகையில் பலருக்குப் பல வருஷம் மருந்தே வேண்டியிருக்காது. பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். இது சமாதானத்துக்குச் சொல்லுவது இல்லை, உண்மை.

லக்ஷணாவின் ரத்தம் என்று நினைத்த இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. உங்களுடையது என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

நாராயண்

---

சின்ன காஞ்சிபுரம்
28.8.2006

நாராயணா,

வாசல்வரை வந்து ஓடிப்போன கதையை வாட்ச்மேன் அன்றைக்கே சொல்லிவிட்டான். “உங்க வூட்டு ஆளு மாதிரியே ஒருத்தர் வந்தாருமா, கேட்டாண்ட நின்னுக்கினே இருந்தாரு, அப்பால போயிட்டாரு” என்றான். அப்போதே நினைத்தேன். நல்ல சேதி கொண்டுவருகிறவன் கேட்டோடு திரும்பமாட்டான்.

உன் கடிதம் வந்த அன்று உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்புறம் என்மேல் வந்தது. அப்புறம் அம்மாமேல்கூட வந்தது. எனக்கு என்ன வந்தாலும் கோபமாகத்தான் வரும், உனக்குத் தெரியுமே.

சென்னைக்குப் போய்வந்தேன். டாக்டர் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தார், எல்லா டெஸ்டும் எடுத்தார். நீ சொன்னதேதான். ஆரம்பம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வா என்றார். வியாதி இருக்கிறது, மருந்து வேண்டாம் என்றால் யார் நம்புவார்கள்? நீயும் அதையே எழுதுகிறாய், அவரும் அதையே சொல்கிறார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டீர்களா? கைவிட்டுவிட்டதைத்தான் இப்படி நாகரிகமாகச் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறது. இதற்கு மட்டும் சத்தியமாகப் பதில் எழுது.

இவரிடம் சொல்லாமல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ரத்தம் மாற்றிக் கொடுத்தது உள்பட. அப்புறம் கேட்டார்: “உனக்கு எப்படி? நீ வாதூலமாச்சேடீ?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். அவருக்கு அதைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது போல.

மறுநாள் அவரே முனிரத்தினத்தின் கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முனிரத்தினம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “இந்தத் தபா மெய்யாலுமே சாமிதானா?” என்றான். “நான்தாம்ப்பா, குத்து” என்றார் உன் அண்ணா. இதோடு வரும் குழாயில் இருப்பது அவர் ரத்தம். இந்தத் தடவை சோதித்துப் பார்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். நன்றாகச் சோதித்துக்கொள்.

மதுராந்தகத்துக்கு என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். எனக்கு உடம்பு சரியில்லை என்றோம். இந்த வீட்டில் பல வருஷத்துக்கு அப்புறம் வெளியாளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

நாமகிரி

---

பெங்களூர்
11.9.2006

மன்னி,

சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் கைவிடவில்லை. இந்த நோயில் ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் கூடுதலாக நன்மை இல்லை என்று பார்த்துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் காத்திருக்கிறார்கள். அந்த டாக்டரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மருந்து வேண்டிய நாள் வந்தால் ஒளிக்காமல் சொல்லுவேன்.

அண்ணாவின் ரத்தம் பார்த்தாயிற்று. மூன்று தடவை பார்த்தேன். அவரிடம் அந்த எழுத்து மாற்றம் இல்லை. துண்டுகள் சரியான அளவில் இருக்கின்றன. அவருக்கு ஒன்றும் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கே புரியவில்லை. ஜூலையில் அவர் ரத்தத்தையே அனுப்பியிருந்தீர்கள் என்றால், நீங்கள் கேட்ட தாளைக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். எல்லாம் நன்றாக நடந்திருக்கும். உங்களைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

லக்ஷணாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லாமல் இருக்க முடியாது. உங்களிடமிருந்து அவளுக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. இப்போதே பார்த்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் குழாய் அனுப்பவில்லை. நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன்.

நாராயண்

---

சின்ன காஞ்சிபுரம்
24.9.2006

நாராயணா,

உன் அண்ணாவுக்கு ஒன்றும் இல்லை என்று படித்ததும் பெருமாள் படத்துக்கு முன்னால் விழுந்து சேவித்தேன். எழுந்தபோது, இல்லாத ஒன்றை மறைக்க இத்தனை பொய் சொன்னேனே என்று ஆத்திரமாக வந்தது. அந்தப் பொய்யால்தான் எனக்கு இருப்பது தெரிந்தது என்று இவர் சொல்கிறார். எனக்கு அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை. தெரியாமலே இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பயமாக இருக்கிறது நாராயணா. இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

லக்ஷணா போன வாரம் சனிக்கிழமை வந்தாள். என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். இரண்டு நாள் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. கடைசியில் உன் கடிதங்களை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு அவளே போன் பண்ணினாள். மாடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் தினமும் அவளுடன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். அவன் அம்மாதான் பேசவில்லை. “பெரியவாளைக் கேட்டுண்டு சொல்றோம்” என்றாளாம். என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை மாதமாக எதற்காகப் பயந்தேனோ அது நடக்கும்போலத்தான் இருக்கிறது.

இறங்கி வந்து, “சித்தப்பாவைக் குழாய் அனுப்பச் சொல்லு” என்றாள். வேண்டாம் என்றேன். கல்யாணம் முடியட்டும், குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அழுதும் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அப்பா கைக்குப் பதிலா உன் கையை நீட்டின, சரி. என் கைக்குப் பதிலா யார் கையைம்மா நீட்டப்போறே?”

பக்கத்தில் இருந்த உன் அண்ணா எழுந்துபோய் இந்தத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

குழாய் அனுப்பு. முனிரத்தினத்திடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீயே கொண்டுவந்தாலும் சரிதான். உன் அண்ணா வராதே என்று சொல்லவில்லை. நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை அவளே எழுதிக்கொள்வாள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது.

நாமகிரி